பத்தாம் தேதிச் சோறு

— அப்போ அந்த முட்டை ஒண்ணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு, கிழட்டுக் குரங்கே.

— ஒண்ணுதான் ஜின்யே. மீன் சந்தை மூலையில சோயாத் தண்ணியில கொதிச்சுக்கிட்டே கிடக்குமே, அது. அதுலயும் மஞ்சக்கருவ நாய்க்குப் போட்டுட்டேன்.

— கெடுத்த போ. நாய்க்கு நீ போட்டது கொழுப்பு, நீ தின்னது புரதம். முட்டையில புரதம் பாதிக்கு மேல வெள்ளையிலதான் இருக்கு. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்?

— அட விடு. இப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து மழைக்கோட்டுகூட கழட்டல. அதுக்குள்ள ஸ்டேஷன்ல உக்கார வச்ச மாதிரி கேக்குற. நான் உன் புருஷன் தியென்ஃபு. திருடன் இல்ல.

— ஸ்டேஷன்தான். கோட்டைக் கழட்டு, உக்காரு, பதில் சொல்லு. டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. ரத்தத்துல யூரியா ஏறிப்போச்சு, கிட்னி ரெண்டும் கைவிரிக்கப் போகுது, அதனால அடுத்த செவ்வாக்கிழமை இடது கையில ரத்தக்குழாயை வெட்டி ஒட்டிடலாம்னாரு. குழாய் தேறினதும் வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல படுக்கப் போட்டு ரத்தத்தைக் கழுவணும்.

— அது பாதி. மீதி?

— மீதியை நீதான் கேட்டுக்கிட்டு இருந்த. நான் சுவத்துல மாட்டியிருந்த கிட்னி படத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நம்ம சந்தையில விக்கிற கணவாய் மீன் மாதிரியே இருந்துச்சு.

— மீதியை நான் சொல்றேன், கேளு. எங்கேர்ந்தோ தினமும் கூடுதலா புரதம் உனக்குள்ள போய்க்கிட்டு இருக்கு. அது எதுன்னு கண்டுபிடிச்சு இன்னைக்கே நிறுத்தினா, செவ்வாக்கிழமையைத் தள்ளி வச்சுட்டு ரெண்டு மாசம் பாக்கலாம்னாரு. யூரியா இறங்கிடுச்சுன்னா ஒரு வருஷம், அதிர்ஷ்டம் இருந்தா அதுக்கு மேலயும் கழுவாம ஓட்டலாம். புரியுதா? எதுன்னு தெரியணும். அதுக்குத்தான் ஸ்டேஷன்.

— கழுவினா கழுவிட்டுப் போறேன். பக்கத்து நாற்காலியில இருந்த ஆள்கிட்ட விசாரிச்சேன். கடும் நோய் அட்டை கொடுத்துடுவாங்களாம், கையில ஒரு காசு கேக்க மாட்டாங்களாம். அதுமட்டுமா? கழுவ ஆரம்பிச்சுட்டா மீனு, கோழி, முட்டை எல்லாம் சாப்பிடச் சொல்றாங்களாம். சொல்றாங்க ஜின்யே, டாக்டரே சொல்றாராம். இப்ப தின்னா குத்தம், அப்ப திங்கலன்னா குத்தம்.

— மெஷின் ரத்தத்துலேர்ந்து நல்ல புரதத்தையும் சேத்து உறிஞ்சிடும், அதனால சொல்றாங்க. அது சரி, கழுவுறது இலவசம். கை? அந்தக் கையால பாரம் தூக்கக் கூடாதுன்னு சொன்னப்பவும் கணவாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா? சொல்லு. ஐஸ் கட்டியை எந்தக் கையால இழுக்குற?

— கொக்கி வலது கையில. கட்டியைத் தாங்குறது இடது கையில.

— அப்போ வலது கையில வெட்டச் சொல்லட்டுமா?

— அப்போ கொக்கி போயிடும்.

— அவ்வளவுதான். ஐஸ் கடை ஹொங் முதலாளி ஒத்தைக் கை ஆளை வண்டியில வச்சிருப்பாரா? போன வருஷம் உன்கூட ஐஸ் இறக்கின அந்த லாய் கழுவ ஆரம்பிச்சப்ப என்ன ஆச்சு? ஒரு மாசம் பாவம் பாத்தாரு. அப்புறம் சிவப்பு உறையில கொஞ்சம் பணத்தைப் போட்டுக் கொடுத்து, வீட்டுல நல்லா ஓய்வெடுன்னு அனுப்பிட்டாரு.

— லாய்க்கு வயசாயிடுச்சு.

— உன்னைவிட ஒரு வயசு சின்னவன். நீ சந்தையில ஐஸ் இறக்கினாத்தான் சம்பளம். சம்பளம் வந்தாத்தான் பத்தாம் தேதி பேங்குக்குக் கட்ட முடியும். பேங்கு நம்மகிட்ட என்ன கையெழுத்து வாங்கியிருக்கு? வட்டியைக் குறைச்சுக்குறோம், தவணையைக் குறைச்சுக்குறோம், ஆனா ஒழுங்கா வந்துக்கிட்டே இருக்கணும், நடுவுல நின்னா உடன்படிக்கை செத்துப்போச்சு, பழைய வட்டியோட மொத்தமும் எழுந்து வந்துடும். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு தியென்ஃபு. உன் கையை நான் ஒன்றரை வருஷம் காப்பாத்தணும். அப்புறம் நீ எந்தக் கையை வேணா வெட்டிக்கோ.

— தியென்ஃபு, செல்வம் சேருன்னு எங்கப்பா எனக்குப் பேரு வச்சாரு. சேர்ந்துச்சு, அடுத்தவன் கடன்.

— உங்கப்பா பேர்தான் வச்சாரு. ஆ-காவ்வோட கணவாய்ப் படகுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது நீ. அவன் படகை வித்துட்டு எங்க போனான்னு கடலைக் காக்குற மாத்சு தேவிக்குத்தான் தெரியும்.

— அவளுக்கும் தெரியலயாம். கோயில்ல பிறைக்கட்டையைப் போட்டுக் கேட்டுப் பாத்தேன். மூணு தடவையும் ரெண்டு கட்டையும் மல்லாக்க விழுந்துச்சு, சிரிச்சுட்டா.

— ஆமா, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். பேச்சை மாத்தாத. முட்டை ஒண்ணு. வேற?

— வேற ஒண்ணும் இல்ல.

— கேளு. உனக்கு இன்னொரு தடவை புரிய வைக்கிறேன். ஒரு அடுப்பை நினைச்சுக்கோ. எண்ணெய், சர்க்கரை, மாவு, இதெல்லாம் கேஸ் மாதிரி. எரியும், சூடு கொடுக்கும், சட்டி அடியில ஒண்ணும் மிஞ்சாது. புரதம் நிலக்கரி மாதிரி. அதுவும் எரியும், ஆனா சாம்பல் விழும். அந்தச் சாம்பல்தான் யூரியா. சாம்பலை அள்ளி வெளியில கொட்டுறதுதான் கிட்னியோட வேலை. உன்னோட கிட்னி இப்ப கை உடைஞ்ச கூலிக்காரி. கொஞ்சம்தான் அள்ளுவா. அப்போ நாம என்ன பண்ணணும்?

— நிலக்கரியைக் குறைச்சு கேஸைக் கூட்டணும். தெரியும்டி. அதனாலதானே உலகத்துல எந்த டாக்டரும் சொல்லாததைச் சொல்றாங்க, எண்ணெயை ஊத்து, சர்க்கரையைப் போடுன்னு.

— அப்படிச் சொன்னா நல்ல பிள்ளை. அப்புறம் இன்னொண்ணு. கூலிக்காரி எவ்வளவு சாம்பலை அள்ளிக் கொட்டினான்னு அளந்தா, அடுப்புல எவ்வளவு நிலக்கரி போட்டோம்னு தெரிஞ்சிடும். அதுக்குத்தான் ஒரு முழு நாள் மூத்திரத்தையும் கேன்ல பிடிச்சுட்டு வரச் சொன்னாங்க. மூத்திரம் பொய் சொல்லாதாம்.

— அந்தக் கேனோட நான் பட்ட பாடு. குளிர்ச்சியா வச்சிருக்கணும்னாங்களே, வண்டியில ஐஸுக்குள்ள புதைச்சு வச்சேன். சாப்பாட்டுக் கடைக்காரன் ஒருத்தன் இறால் வாங்க வந்தவன், பியரா அண்ணே, ஒரு வாய் ஊத்துங்கறான்.

— ஊத்தித் தொலைச்சிருந்தா அளவாவது குறைஞ்சிருக்கும். சிரிக்காத. கேன்ல என்ன வந்துச்சு? நான் சமைச்சுப் போடுறதைவிட ஒண்ணரை மடங்கு. ஒண்ணரை. நான் என்ன சமைக்குறேன்னு உனக்குத் தெரியும்.

— தெரியாம என்ன? காலையில ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரையைக் கொட்டி. முட்டைக்கோஸை வேக வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி பன்னிக் கொழுப்புல வதக்கி. சூப்பு கிடையாது. இந்த மழைத் துறைமுகம் கீலுங்குல பொறந்து, மழையில நனைஞ்சுட்டு வந்து, ஒரு கிண்ணம் சூப்பு குடிக்க முடியாத ஒரே ஆள் நான்தான்.

— அந்தத் தண்ணியிலதான்யா பொட்டாசியம் இறங்கியிருக்கு, அது நெஞ்சை நிறுத்திடும். நான் ஆசைப்பட்டா கொட்டுறேன்? முட்டைக்கோஸ்ல மேல் இலையைப் பிச்சுப் போட்டுட்டுத்தான் கடைக்காரன் அடுக்குவான். அந்த இலையைச் சும்மாவே தர்றான், முயலுக்கான்னு கேக்குறான், ஆமாங்கறேன். பன்னிக் கொழுப்பு கறிக்கடையில ஓரமா வெட்டிப் போடுறது, வாங்கிட்டு வந்து நானே உருக்குறேன். கண்ணாடி நூடுல்ஸ் பாக்கெட்ல உடைஞ்சது பாதி விலை. உடைஞ்சா என்ன? பச்சைப்பயத்துலேர்ந்து புரதத்தைக் கழுவி எடுத்துட்டு, வெறும் மாவுல பண்றது அது. சுத்தமான கேஸ். இந்த ஊர்ல இவ்வளவு மலிவா ஒரு கிட்னிக்காரனுக்குச் சமைக்குற பொம்பளை எவளாவது இருந்தா காட்டு.

— இல்ல. ஒத்துக்குறேன். ஆஸ்பத்திரியில அந்தப் பல்லுக்குக் கம்பி போட்ட பொண்ணு...

— சாப்பாட்டு ஆலோசகர்.

— அவளே உன்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டாளே, கொழுப்பு எப்படி உருக்குறதுன்னு. அன்னைக்கு நீ நடந்து வந்த நடையைப் பாக்கணுமே.

— இன்னைக்கு அவ என்னைப் பாத்த பார்வையையும் பாத்தியா?

— அட விடு.

— விட முடியாது. உங்க அக்கா வீட்டுல என்ன சாப்பிட்ட?

— எப்போ?

— கெட்ட நேரம் கழியட்டும்னு பன்னிக்கால் நூடுல்ஸ் வேக வச்சுக் கொடுத்தாங்களே, பிறந்த நாளுக்கு. நூடுல்ஸ் கோதுமை, அது முழுக்க உப்பு. பன்னிக்கால் முழுக்க நிலக்கரி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உங்க அக்காவே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க, தம்பி நல்லா சாப்பிட்டான், இனிமே கடன் எல்லாம் ஓடிடும்னு.

— கடன் கேட்டுச்சா? உக்காந்த இடத்துலதான் இருக்கு. தின்னேன். ஒரு துண்டுக்கால். நூடுல்ஸை நடுவுல கடிக்கக் கூடாதுல்ல, ஆயுசு குறையும்னு, அதனால ஒரு இழையை உறிஞ்சேன், அது முடியாம வந்துக்கிட்டே இருந்துச்சு.

— வேற?

— மீன் உருண்டை. நீ வேலை பாக்குற மீன் பட்டறையில உடைஞ்சதுன்னு நீ எடுத்துட்டு வந்தியே உனக்கு. அதுல ரெண்டு.

— அது எப்போ?

— அது அப்பப்போ.

— சரி. இதெல்லாம் கூட்டிப் பாத்தாலும் கால்வாசிகூட வராது. அந்தப் பொண்ணு என்னைத் தனியா கூப்பிட்டு என்ன சொன்னா தெரியுமா? அத்தை, மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்த கேனும் இந்தக் கேனும் கிட்டத்தட்ட ஒரே அளவு. திருட்டுத்தனமா திங்குறவங்களுக்கு அப்படி வராது, ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். இது விருந்து இல்ல. இது தினப்படி சாப்பாடு. எதையோ தினமும், ஒரே மாதிரி, அவரு அறியாமலேகூடச் சாப்பிடுறாருன்னு சொன்னா.

— சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்.

— அவளுக்கு நல்லாவே தெரியும். அதான் கேக்குறேன். தினமும். வேலையில நடுராத்திரி தாண்டினதும் எல்லாரும் சாப்பிட உக்காருவீங்களே, அங்க. மத்தவங்க டப்பா சாப்பாடு வாங்குவாங்க. நீ நான் கட்டிக் கொடுக்குறதைத்தான் திங்குறியா? சொல்லு. திட்ட மாட்டேன். சத்தியமா திட்ட மாட்டேன் தியென்ஃபு. நீ டப்பா வாங்கித் திங்குறேன்னு சொன்னா எனக்கு... எனக்குச் சந்தோஷம்தான்.

— சந்தோஷமா?

— நிறுத்திடலாம்ல. எதுன்னு தெரிஞ்சா நிறுத்திடலாம்ல. ஆமான்னு சொல்லு. சொல்லேன்.

— ஆமா.

— என்ன ஆமா?

— டப்பா. கோழிக்கால் டப்பா. தினமும்.

— தினமுமா?

— தினமும்தான். பொரிச்ச கால். அடியில சோறு, ஓரமா ஊறுகாய் முள்ளங்கி. எலும்பை உறிஞ்சிட்டு வண்டிக்கு அடியில போட்டுடுவேன். நான்தான் ஜின்யே. உன் சமையல்ல ஒரு குறையும் இல்ல. நாளைக்கே அந்தப் பொண்ணுகிட்ட போய், எங்க வீட்டுக் குரங்கு மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. செவ்வாக்கிழமையை ரத்து பண்ணச் சொல்லு. போதுமா?

— அப்பாடா. அட பாவி. அப்பாடா. இரு, மூச்சு விட்டுக்குறேன். மூணு மாசமா நான் தூங்கல தெரியுமா உனக்கு? கோழிக்காலாம். சனியன் பிடிச்ச கோழிக்கால். எந்தக் கடை?

— எதுக்கு?

— சும்மாதான். எந்தக் கடை?

— பாலத்துக்குக் கீழ. அந்த மொட்டைத்தலையன் கடை.

— மொட்டைத்தலையன் கடையைக் காலி பண்ணிட்டுத் தாய்ச்சுங் போயிட்டான். சீனப் புத்தாண்டுக்கு முன்னாடியே போயிட்டான். அங்க இப்ப செல்போன் உறை விக்குறாங்க.

— அதுக்குப் பக்கத்துக் கடை.

— காசு?

— என்ன காசு?

— உன் சம்பள உறையைப் பிரிக்காம என் கையில கொடுக்குற. நான் உனக்குத் தர்றது ஒரு வேளை டீக்குக்கூடப் பத்தாது. தினமும் கோழிக்கால் எந்தக் காசுல?

— கடன் சொல்லி வாங்கினேன்.

— கடனா?

— இல்ல, கடன் இல்ல. ஹொங் முதலாளி வாங்கித் தருவாரு.

— யாரு, ஐஸ் கொக்கி முனை உடைஞ்சதுக்குச் சம்பளத்துல பிடிச்ச ஹொங்கா? தினமும் கோழிக்கால் வாங்கித் தர்றாரா? இரு, போன் பண்ணி ஒரு நன்றி சொல்லிடுறேன்.

— போனை வை ஜின்யே.

— ஏன்?

— வைன்னா வை. நான்தான்னு ஒத்துக்கிட்டேன்ல. எடுத்துக்கோ. எவனாவது செய்யாததை ஒத்துக்குவானா?

— நீ ஒத்துக்குவ. அதுதான் உனக்கு வியாதி. ஆ-காவ் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நீ. நீ பொய் சொல்ற. நல்ல மனசுல சொல்றியோ, சலிச்சுப்போய் சொல்றியோ தெரியல, ஆனா பொய். கேளு, இதை மட்டும் கேளு. நீ தின்னாத டப்பாவை நாளைக்கு நிறுத்துறோம்னு வை. செவ்வாக்கிழமையை ரத்து பண்றோம்னு வை. என்ன இறங்கும்? ஒண்ணும் இறங்காது. ரெண்டு மாசத்துல கேன்ல அதே அளவு வரும். அதுக்குள்ள மிச்சம் இருக்குற கிட்னியும் போயிடும். அப்புறம் கைக்குழாய் தேறக்கூட நேரம் இருக்காது, கழுத்துல ஓட்டை போட்டுக் கழுவுவாங்க. பொய்யை நிறுத்த முடியாதுய்யா. நிஜமா உள்ள போற பொருளைத்தான் நிறுத்த முடியும்.

— அப்போ நிறுத்தவே வேணாம். வெட்டட்டும். பேசாம அடுப்பைப் பாரு, தண்ணி கொதிக்குது.

— கொதிக்கட்டும். நான் சொல்லிடுறேன்.

— வேணாம்.

— சொல்லித்தான் ஆகணும்.

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மதியத்துக்கு என்னன்னு மட்டும் சொல்லு.

— அரிசி.

— சரி, அரிசி. கழுவிப் போடு.

— அரிசிதான் தியென்ஃபு. அதைத்தான் சொல்றேன். தினமும், ஒரே மாதிரி, ஒரே அளவு. அரிசி. என்னைப் பாரு. கண்ணாடி நூடுல்ஸ் ஆரம்பிச்ச முதல் வருஷம் ஞாபகம் இருக்குல்ல? நாலு மாசம் தின்ன. அப்புறம் முடியல உனக்கு. வாயில வச்சா ரப்பரா இருக்கு, சோறு மாதிரி இல்லன்னு தட்டைத் தள்ளி வச்ச. இடுப்புல பேண்ட் நிக்கல. அந்தப் பொண்ணு பயந்துட்டா. சாப்பிடாம இருந்தா உடம்பு சும்மா இருக்காது அத்தை, தன் சதையையே எடுத்து அடுப்புல போட்டுக்கும், அதுவும் கறி தின்ன கணக்குதான், அதே சாம்பல்தான்னா. அதுக்கு அப்புறம்தான் அந்தப் புரதம் எடுத்த அரிசி வாங்கினேன். ஜப்பான்காரன் அரிசியை எதுலயோ ஊற வச்சுப் புரதத்தைக் கரைச்சு எடுத்துட்டு, மறுபடி காய வச்சு, நீலப் பையில போட்டு அனுப்புவான். நீ சாப்பிட்ட. பேண்ட் நின்னுச்சு. ஆனா அது என்ன விலைன்னு உனக்கு நான் சொன்னதே இல்ல.

— தெரியும். கடையில பாத்திருக்கேன்.

— சந்தை அரிசி பத்து பை வாங்குற காசு, அது ஒரு பை. போன வருஷம் பேய்க்குப் படையல் வைக்கிற மாசத்துல பட்டறையில எனக்கு வேலையைப் பாதியாக் குறைச்சாங்க. மீன் வரத்து இல்லன்னு. பத்தாம் தேதி வந்துச்சு. எங்க எங்க குறைக்கலாம்னு பாத்தேன். என் சாப்பாட்டைக் குறைச்சாச்சு. கரண்ட், கேஸ் எல்லாம் குறைச்சாச்சு. உடைஞ்ச நூடுல்ஸ், முயல் இலை, ஓசிக் கொழுப்பு. எல்லா மூலையிலயும் சுரண்டியாச்சு, சுரண்டாத இடம் ஒண்ணுதான் இருந்துச்சு. அந்த நீலப் பை. பத்தாம் தேதிக்கு எவ்வளவு குறைஞ்சுதோ, அந்தப் பையோட விலை சரியா அவ்வளவு.

— ஜின்யே, போதும்.

— ஒரு மாசத்துக்கு மட்டும்னு நினைச்சேன். சத்தியமா ஒரு மாசம்தான். சந்தை அரிசியை வாங்கிட்டு வந்து நீலப் பையில கொட்டி, துணிக் கிளிப்பு மாட்டி வச்சேன். அந்த மாசம் டெஸ்ட்ல ஒண்ணுமே ஏறல. ஏறலயே, அப்போ இந்த அரிசி கொஞ்சம் தாங்கும் போலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அடுப்பு, சாம்பல்னு ஊருக்கே பாடம் எடுக்குறேன், சாம்பல் ஒரு நாள்ல நிரம்பாது, மெதுவாத்தான் நிரம்பும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அடுத்த மாசமும் வேலை குறைவு. அதுக்கு அடுத்த மாசம் வேலை வந்துச்சு, ஆனா கூரை ஒழுகுச்சு. அப்புறம் பையை எடுக்குறப்ப பாக்கவே மாட்டேன், கையை மட்டும் விட்டு அள்ளுவேன். இன்னைக்கு அந்தப் பொண்ணு பைக்குள்ள என்ன அரிசி அத்தைன்னு கேட்டா. நீல அரிசின்னேன். அவ எட்டிக் கையைப் பிடிச்சுக்கிட்டா.

— உன் கையையா?

— ஆமா. அதான் தாங்க முடியல. நீ கோழிக்கால் தின்னியான்னு உன்னைப் போட்டு அரிச்சேன்ல, நீ தின்னிருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் அரிச்சேன். வழியெல்லாம் பஸ்ல மாத்சு தேவியைக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன், அம்மா, இவன் ஒரு தடவையாவது திருட்டுத்தனமா பெரிசா எதையாவது தின்னிருக்கணும்னு. கையை நீட்டி அறைஞ்சுடு என்னை.

— ஐஸ் தூக்குற கை. அறைஞ்சா தாங்க மாட்ட.

— விளையாடாத.

— சரி, விளையாடல. இப்ப என்ன பண்ணலாம்? நீதானே கணக்கு மந்திரி. சொல்லு.

— நிஜமான நீல அரிசி வாங்கினா ரெண்டு மாசத்துல இறங்கலாம். வாங்கினா பத்தாம் தேதி கட்ட முடியாது. கட்டலன்னா உடன்படிக்கை போச்சு.

— வாங்கலன்னா?

— வாங்கலன்னா செவ்வாக்கிழமை கை போச்சு. கை போனா வேலை போச்சு. வேலை போனா அதுக்கு அடுத்த பத்தாம் தேதி உடன்படிக்கை போச்சு. எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்துக்குத்தான் வருது. நான் சுரண்டிச் சுரண்டி மிச்சம் பிடிச்சது மொத்தமும் ஒரு பத்தாம் தேதியை இன்னொரு பத்தாம் தேதிக்குத் தள்ளி வச்சதுதான். வேற ஒண்ணும் இல்ல.

— நூடுல்ஸ்?

— மூணு வேளையும் தின்னுவியா?

— ஒரு வேளைன்னா பாக்கலாம்.

— பாத்தியா. உன்னால முடியாது. நீ சோத்துக்காரன். உன் மேல எனக்குக் கோவம் இல்ல. எங்கப்பாவும் அப்படித்தான், சுரங்கத்துலேர்ந்து வந்து சோறு இல்லன்னா சாப்பிட்ட கணக்கே இல்லம்பாரு.

— அக்காகிட்ட கேட்டா?

— அக்காகிட்ட இருந்ததைத்தான் அன்னைக்கு பேங்குக்கு முதல் தவணையா கட்டினோம். பன்னிக்கால் வாங்கினதுக்கே அவங்க மருமக திட்டினாளாம்.

— அப்போ செவ்வாக்கிழமை போய்ப் படுத்துடுறேன். ஹொங் முதலாளி ஒரு மாசம் பாவம் பாப்பாரு. அந்த ஒரு மாசம் நீ எனக்கு மீன் வறுத்துப் போடு. என்ன மீன்னு நான் சொல்றேன். கானாங்கெளுத்தி. தோல் கருகணும்.

— சிரிக்காதேன்னு சொன்னேன்.

— சிரிக்கல. எனக்கு வாய் இப்படித்தான் போகுது.

— ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. ஏன் கோழிக்கால்னு ஒத்துக்கிட்ட? நான் வற்புறுத்தினேன்னா?

— அட விடு.

— விட மாட்டேன். பொய் சொன்னா உன் கிட்னிதான் போகும்னு உனக்குத் தெரியும். டாக்டர் சொன்னப்ப நீ படத்தைப் பாத்துக்கிட்டு இருக்கல, கேட்டுக்கிட்டுத்தான் இருந்த. இந்த வீட்டுல ஒருத்தர் தப்பு பண்ணியிருக்காங்கன்னா அது நீயில்ல, அப்போ யாருன்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதனாலதான் நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி நீ குறுக்க விழுந்து தின்னாத காலை எல்லாம் தின்னேன்னு சொன்ன. தியென்ஃபு. அந்தப் பையை நீ திறந்து பாத்தியா?

— திறக்கல. பையைப் பாத்து என்ன தெரியப்போகுது.

— அப்போ எப்படி?

— நீல அரிசிக்கு வாசனையே கிடையாது ஜின்யே. மெல்லும்போது தெர்மாகோல் மாதிரி நறநறன்னு போகும், இனிப்பு தட்டவே தட்டாது. ஒன்றரை வருஷம் அதைத் தின்னவன் நான்.

— தெரிஞ்சா ஏன் சொல்லல? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே. அந்த ஒரு மாசத்தோட நிறுத்தியிருப்பேனே. எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?

— முதல் வாய்லேர்ந்து. நிறுத்திடுவியேன்னு பயந்துதான் வாயைத் திறக்காம அன்னைக்கு ரெண்டாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினேன்.